வராத மேகத்தைப் பற்றிய விளக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு எழுத்துப் பிழையிலிருந்து கிடைத்தது. என்ன பிழை, அதைப் பார்த்தவன் என்ன செய்தான் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்தான். வாய் வரவில்லை.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். முதல் தொடக்கம் இது:

"தை மாதத்துக் காரைக்குடி வானம், துவைத்துக் கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டி போல—"

அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் வானத்தைப் பற்றி அழகாக எழுதி, அந்த அழகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். இரண்டாவது ஆளாக நானும் அங்கே போய் நிற்க வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்: "மரிய அனிதா டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர்." இதையும் அடித்தேன். பொய் சொல்லத் தெரியாதவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். நான் உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மூன்றாவது தொடக்கம்:

மரிய அனிதா பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். வயது நாற்பத்து நான்கு. வீடு காரைக்குடி செக்காலையில். காலையில் எட்டேகால் பஸ்ஸில் போய் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவார். சனிக்கிழமைதோறும் காரைக்குடியில் வெளியாகும் நாலு பக்க இலவச வாரத்தாளில் 'இந்த வார வானம்' என்று ஒரு பத்தி எழுதினார்.

இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் காலூன்றி நிற்கலாம். இங்கிருந்து போவோம்.

2

அந்த வாரத்தாளுக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லாரும் 'தாள்' என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். முதல் பக்கத்தில் பாதி நகைக்கடை விளம்பரம், கடைசிப் பக்கம் முழுக்க மண விளம்பரம், நடுவில் கொஞ்சம் ஊர்ச் செய்தி. உரக்கடை, மருந்துக்கடை, பால் சொசைட்டி மேசைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நடத்துகிறவர் மெய்யநாதன். ஆசிரியர், முதலாளி, விளம்பரம் பிடிப்பவர், கோபித்துக்கொள்பவர் எல்லாம் அவரே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் புரளி வாட்ஸ்அப்பில் பரவி, ஊரே மெழுகுவர்த்தி வாங்கிக் குவித்தது. அப்போது டீச்சர் தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் படம் ஆறு வருஷம் பழசு, அந்தப் புயல் ஒடிசாவுக்குப் போனது, பயப்பட வேண்டாம் என்று. மெய்யநாதன் அடுத்த நாளே போன் போட்டார்.

"டீச்சர், இத வாராவாரம் எழுதுவீகளா?"

"நான் என்ன வானிலை ஆபீசாண்ணே?"

"அவுக எழுதுறது எங்களுக்கு எங்க வெளங்குது? நீங்க எழுதுனா வெளங்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் டீச்சர் இதற்கென்றே ஒதுக்குவார். வானிலை மையத்தின் அறிக்கையைப் படிப்பார். செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்ப்பார். எந்த உயரத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு பத்தே வரியில் எழுதுவார். "புதன் பிற்பகல் பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தூறலுக்கு வாய்ப்பு. ஆத்தங்குடியில் டைல்ஸ் காயவைக்க வியாழன் நல்லது." எதை எழுதினாலும் 'வாய்ப்பு' என்ற சொல்லை விடமாட்டார். வானத்தைப் பற்றிப் பேசும்போது அதுதான் மரியாதை என்பார்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேகம் உருவாவதை அவர் பாட்டிலில் காட்டுவார். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர். ஊதுபத்திப் புகையை ஒரு மூச்சு உள்ளே விட்டு மூடியைத் திருகி, பாட்டிலை அமுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுவார். உள்ளே வெள்ளையாக ஒரு மேகம் நிற்கும். பிள்ளைகள் கத்துவார்கள். "காத்து விரிஞ்சா குளிரும். குளிர்ந்தா அதுல இருக்கிற ஈரம் துளியாகப் பாக்கும். ஆனா வெறுங்காத்துல துளி சேராது, ஒட்டிக்க ஒரு தூசி வேணும். அதுக்குத்தான் புகை" என்பார்.

(இந்த இடத்தில் தூசியை வைத்து, மனிதர்களைப் பற்றி ஒரு உவமை வந்தது. எடுத்துவிட்டேன்.)

கணிப்பு பலிக்கப் பலிக்க, கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுமுன் டீச்சருக்குப் போன் போட்டார்கள். பழைய பெரிய வீடுகளில் ஹோட்டல் நடத்துகிறவர்கள், எந்த ராத்திரி மொட்டை மாடியில் சாப்பாடு போடலாம் என்று கேட்டார்கள். டீச்சருக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? பத்தியில் 'வாய்ப்பு' குறைந்தது. 'பெய்யும்', 'பெய்யாது' வந்தது. நான் அந்தத் தாளுக்குப் புரூஃப் பார்க்கிறவன், எனக்கு அது தெரிந்தது.

பஸ்ஸில் அவருக்கு ஒரு வாசகி இருந்தார். ஒச்சம்மாள். பள்ளத்தூர் தாண்டி ஒரு கிராமம். (பெயர் எழுதவில்லை. அவர்களை இதற்கு மேலும் அலைக்கழிக்க வேண்டாம்.) ஐம்பதை ஒட்டிய வயது. விடியலில் கீரைக்கட்டோடு காரைக்குடி வந்து, விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு அதே எட்டேகால் பஸ்ஸில் திரும்புவார். எட்டாவது வரை படித்தவர். தாளில் 'இந்த வார வான'த்தை மட்டும் கத்தரித்து வீட்டுக் கதவில் ஒட்டி வைப்பாராம். முக்கால் ஏக்கர் நெல் போட்டிருந்தார்.

"நீங்க சொன்னாப்புலயே தூறுச்சு டீச்சர்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. டீச்சருக்கு அன்று முழுக்க அது போதும்.

3

அந்த வியாழக்கிழமை டீச்சர் ஏன் வானத்தைப் பார்க்கவில்லை?

நான் முதலில் எழுதிய காரணம்: அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். டிரிப்ஸ் பாட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, மருந்துச் சீட்டு என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, நீங்கள் டீச்சரை மன்னித்துவிடுவீர்கள். கிழித்தேன். ["அம்மாவின் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு—" என்று ஒரு வரியை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருந்தேன். அதுவும் வேண்டாம். டீச்சரின் அம்மா தேவகோட்டையில் சுகமாக இருக்கிறார்.]

உண்மைக் காரணம் இது. அன்று அவர் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார். மதியம் மூன்று மணிக்குக் காரைக்குடியில் ஒரு சங்கத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். 'வானிலை ஆசிரியை' என்று பட்டம். சால்வை, கேடயம், போட்டோ. மேடையில் ஒருவர் பேசினார்: "மெட்ராசுல இருக்கிற மிஷினுக்குத் தெரியாதது நம்ம டீச்சருக்குத் தெரியும்." கைதட்டல். தான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்த மிஷின்கள் சொல்லித்தான் தெரிகிறது என்பது டீச்சருக்குத் தெரியும். மைக் அவர் கைக்கு வந்தபோது அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சிரித்தார்.

"அந்தச் சிரிப்புதான் தம்பி மொதத் தப்பு" என்று பிறகு என்னிடம் சொன்னார். "மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்துச்சு."

ஆறு மணிக்கு வீடு. கணவர் அருண் ஜோசப் சால்வையோடு நிற்கவைத்து இன்னும் நாலு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். வாழ்த்துகள் வந்து விழுந்தபடி இருந்தன. ஏழு மணிக்கு மெய்யநாதன்.

"டீச்சர், எல்லாப் பக்கமும் முடிஞ்சிருச்சு. உங்க கட்டம் ஒண்ணுதான் காலியா நிக்குது. அனுப்பிட்டீகன்னா மூடிருவோம்."

"அஞ்சு நிமிசம்ணே."

பொங்கலிலிருந்து ஒரு பொட்டு மேகம் இல்லை. தை மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது? போனில் போன வாரத்துப் பத்தியை எடுத்தார். தேதியை மாற்றினார். அனுப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பப் போய் வாழ்த்துகளைப் படித்தார்.

"வறண்ட வானிலை. அதிகாலையில் பனிமூட்டம். மழை பெய்யாது. அறுவடை செய்வோர் தயக்கமின்றிச் செய்யலாம்."

போன வாரத்துக்கு இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

4

இப்போது நான்.

தாளுக்கு லேஅவுட் போடுவதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. டீச்சர் போனில் தட்டச்சு செய்து அனுப்புவதைப் பக்கத்தில் ஏற்றுவேன். முந்தின வாரம் அவர் அனுப்பியதில் 'பனிமூட்டம்' என்பது 'பனிமுட்டம்' என்று வந்திருந்தது. திருத்திப் போட்டேன். இந்த வாரம் வந்ததிலும் 'பனிமுட்டம்'. கை ஒரே இடத்தில் இரண்டு தடவை தவறலாம். இருந்தாலும் போன வாரத்துச் செய்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேதியைத் தவிர எழுத்துக்கு எழுத்து அதேதான்.

டீச்சருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த மெய்யநாதன் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். பக்கம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 'முட்டத்தை' 'மூட்டம்' ஆக்கினேன். பக்கத்தை மூடினேன்.

எழுத்துப் பிழை இருந்தால் ஆயிரம் பேர் சிரிப்பார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. பத்தி முழுவதுமே பிழை என்பது எனக்குப் பயமாக இல்லை.

இனி டீச்சரைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும், எழுதுகிறவன் இப்படிப்பட்டவன் என்று நினைவில் வைத்துப் படியுங்கள். அவர் பிறகு தன் வாயால் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கெல்லாம் அவரைக் கொஞ்சம் கூடுதலாகக் குற்றவாளி ஆக்குகிறேனோ, அங்கெல்லாம் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

5

சனிக்கிழமை தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் ஊருக்கு அறுவடை மிஷின் வருவதாக இருந்தது. பக்கத்து வயல்காரர் ஏகப்பன் தயங்கினார்.

"டிவில ஏதோ தாழ்வு உருவாயிருக்குங்கிறான் ஒச்சம்மா. ரெண்டு நாளு பொறுத்து அறுப்பமா?"

"அவன் மெட்ராசுக்குச் சொல்றான். டீச்சரு நமக்குச் சொல்லிருக்காக. இங்க பாரு, 'தயக்கமின்றி'ன்னு போட்டிருக்கு. இன்னைக்கு மிஷின விட்டம்னா அது புதுக்கோட்டைப் பக்கம் போயிரும். அப்பறம் எப்ப வருமோ."

ஏகப்பனும் இன்னும் இரண்டு குடும்பமும் ஒச்சம்மாள் பேச்சைக் கேட்டு அறுப்பதென்று முடிவு செய்தார்கள். மற்றவர்கள் பொறுத்தார்கள்.

அதே ஞாயிறு காலை ஒன்பதரை மணி. செக்காலையில் பூசை முடிந்து டீச்சர் கோயில் வாசலில் நின்று போனைத் திறந்தார். வானிலை அறிக்கை கண்ணில் பட்டது. தென்மேற்கு வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி. செவ்வாய் முதல் தென் மாவட்டங்களில் பரவலாக மழை. செயற்கைக்கோள் படத்தில் இலங்கைக்குக் கிழக்கே வெள்ளையாக ஒரு பெரிய பரப்பு மெதுவாக இங்குட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் படம் வியாழக்கிழமையே அங்கே இருந்தது.

தாளுக்கு முந்நூறு பேர் கொண்ட வாசகர் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. ஒச்சம்மாள் ஊர் உரக்கடைக்காரர்கூட அதில் இருந்தார். டீச்சர் எழுத ஆரம்பித்தார்:

"திருத்தம்: செவ்வாய் முதல் மழைக்கு—"

இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாம் நான் விட்டவை. இது மட்டும் அவர் விட்டது.

வியாழக்கிழமை சால்வை, ஞாயிற்றுக்கிழமை திருத்தமா? எப்படித் தவறினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? எழுதியதை அழித்துவிட்டு டீச்சர் திரும்பவும் கோயிலுக்குள் போனார். முழங்காலிட்டு, அந்தத் தாழ்வுப் பகுதி இலங்கைப் பக்கமே கரைந்து போகட்டும் என்று வேண்டினார். காற்றழுத்தம் என்றால் என்னவென்று இருபது வருஷம் பாடம் நடத்தியவர்.

மிஷின் ஒச்சம்மாள் வயலில் இறங்கியது பதினொரு மணிக்கு.

திங்கட்கிழமை நெல்லைக் களத்திலும், களம் பற்றாமல் தார் ரோட்டிலும் காயப்போட்டார்கள். நல்ல வெயில். செவ்வாய் விடியக்காலை பிடித்த மழை வியாழன் மதியம்தான் விட்டது. பேய்மழை இல்லை, விடாத மழை. நாலு குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு தார்ப்பாய்தான் இருந்தது. மூட்டையில் அள்ளிய நெல் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. வந்து பார்த்த வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பொறுத்திருந்தவர்கள் வயலில் நெல் சாய்ந்தது, ஆனால் பத்து நாள் கழித்து அறுத்தார்கள். சாப்பாட்டுக்கு, விதைக்கு என்று அவர்களுக்கு மிஞ்சியது.

ஒச்சம்மாளோடு ஏகப்பன் வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் நிறுத்தினார்கள். அறுக்கச் சொன்னது அவர்தானே.

6

மழை பெய்துகொண்டிருக்கும்போதே மெய்யநாதன் டீச்சரைக் கூப்பிட்டார். "நாலஞ்சு பேர் போன் போட்டுட்டாக. ஒரு விளக்கம் குடுத்துருங்க டீச்சர். பெரிசா வேணாம், சயின்ஸா இருக்கட்டும்."

டீச்சர் எழுதினார். 'மேகம் எப்படி உருவாகிறது.' அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

"காலை வெயிலில் நம் செம்மண் சூடாகிறது. மண்ணைத் தொட்ட காற்றும் சூடாகி இலேசாகி மேலே ஏறுகிறது. ஏற ஏற விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஈரம் கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. மதியத்துக்கு மேல், பஞ்சுப்பொதி போல இருந்த திரள் மேகம் ஒரு மணி நேரத்தில் கோபுரமாக எழுந்து கார்திரள் மேகமாகிறது. ஒரு கண்மாய்க்கு இந்தக் கரையில் கொட்டும், அந்தக் கரை காய்ந்து கிடக்கும். எந்த வயலில் இறங்கும் என்று எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்ல முடியாது."

ஒவ்வொரு வரியும் உண்மை. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சித்திரை, வைகாசி மாதத்து இடிமழைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

அந்த வாரம் வந்தது அந்த மேகம் இல்லை. வந்தது கார்படை மேகம். கடலிலிருந்து கிளம்பி, வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பாய் விரித்தது போலப் பரவி, இடியில்லாமல் மின்னலில்லாமல் நாள் கணக்கில் பெய்யும். வருவதற்கு நாலு நாள் முன்பே படத்தில் தெரியும். டீச்சர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாத மேகத்தைப் பற்றி எழுதி, சொல்லியிருக்க வேண்டிய மேகத்தை அதற்குப் பின்னால் மறைத்தார்.

கட்டுரைக்குத் தலைப்பு வைத்தது நான். 'வானம் யார் பேச்சையும் கேட்பதில்லை.' மெய்யநாதன் என் தோளில் தட்டினார். பள்ளிக்கூடத்தில் கட்டுரையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன.

7

அடுத்த திங்கட்கிழமை எட்டேகால் பஸ். இந்தப் பகுதியில் ஒச்சம்மாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். தெரிந்து கேட்டார் என்று எழுதியபோது டீச்சர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. தெரியாமல் கேட்டார் என்று எழுதியபோது தாங்க முடியவில்லை. எது நடந்தது என்று டீச்சருக்கும் தெரியாது. பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

ஒச்சம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"படிச்சேன் டீச்சர். எங்க ஊர்ல கூட்டி வச்சுப் படிச்சும் காட்டுனேன். டீச்சர் மேல குத்தமில்ல, வானம் அப்படின்னு. ஏகப்பன் வீட்ல காது குடுக்கல. பேசாட்டிப் போறாக, எத்தன நாளைக்கு?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"நெல்லு…" என்றார்.

"போச்சு. மாட்டுக்குக்கூட ஆகல, புளிச்சுப் போச்சு." கூடையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். அந்த மேகம் மதியத்துக்கு மேலதான் கட்டும்னு எழுதிருந்தீக. எங்களுக்கு விடியக்காலைலதான வந்துச்சு? இடியுமில்ல. மூணு நாளு விடவுமில்ல. அதுவும் அந்த மேகந்தானா?"

இருபது வருஷ வகுப்பில் இத்தனை சரியான கேள்வியை ஒரு பிள்ளையும் அவரிடம் கேட்டதில்லை.

டீச்சர் சொன்னார்: "சில சமயம் அப்பிடியும் வரும்க்கா."

"ஆங். அதான் கேட்டேன்" என்றார் ஒச்சம்மாள்.

டீச்சர் பள்ளத்தூருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ரோட்டோரம் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனார். நடக்கும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூசியது என்றார். முதலில் செய்தது சோம்பல், அடுத்தது பயம், கட்டுரை தந்திரம். அவற்றையெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்தார். இதை மட்டும் ஒருத்தி முகத்தைப் பார்த்துச் செய்தார். அவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

8

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் டீச்சர் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அண்ணே, அந்த வாரம் நான் எதையுமே பாக்கல. போன வாரத்தத் தேதி மாத்தி அனுப்பிட்டேன். பெறகு எழுதுன கட்டுரையும் ஏமாத்து. அத அப்படியே எழுதித் தர்றேன், போடுங்க."

மெய்யநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், ஊர்ல எல்லாரும் மறந்துக்கிட்டு இருக்காக. நீங்க ஏன் கெளறுறீக? தாளு பேரும் சேந்துல்ல கெடும்?"

"நெல்லு போனவுக மறக்கலண்ணே."

"போட முடியாது. மன்னிச்சுக்கங்க."

மெய்யநாதன் வெளியே போனதும் டீச்சர் என் மேசைக்கு வந்தார். தான் சொல்லச் சொல்ல எழுதிப் பிரிண்ட் மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். தாளில் வராவிட்டாலும் கையில் கொண்டு போவேன் என்றார். அப்போதுதான் சால்வை, சிரிப்பு, கோயில் வாசல், பஸ் எல்லாவற்றையும் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். நடுவில் திடீரென்று நிறுத்தி, "நீங்க என்ன தம்பி பண்ணுவீக, வந்ததப் போட்டீக" என்றார்.

நான் தலையாட்டினேன்.

[இதற்கு மேல் ஒரு பத்தி எழுதினேன், தலையாட்டியதற்குக் காரணமாக. அதை இங்கே வைக்கவில்லை.]

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தனியாக அந்தக் கிராமத்துக்குப் போனார். களத்தில் முளைவிட்ட நெல் இன்னும் குவிந்து கிடந்தது. புளித்த வாடை. ஏகப்பனையும் மற்றவர்களையும் ஒச்சம்மாளையும் கூப்பிட்டு, நான் எடுத்துக் கொடுத்த பிரிண்டைப் படிக்கலாம் என்று போனவர், படிக்க முடியாமல் வாயால் சொன்னார். "நான் பாக்கல. பாக்காமயே எழுதிட்டேன். ஞாயித்துக்கெழம காலைல தெரிஞ்சுபோச்சு. அப்பயும் சொல்லல. உங்களுக்கு வந்த மேகம் வேற, நான் எழுதுன மேகம் வேற."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று தோன்றியதாம். ஏகப்பன்தான் பேசினார்.

"இத எதுக்கு டீச்சர் வந்து சொல்றீக? மழைன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்போம். மழை மேல கோவப்பட்டா ரெண்டு மாசத்துல ஆறிப்போகும். இப்ப மனுசன் மேலல்ல கோவப்படணும்?"



ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெல்லு போனது போகட்டும். சோம்பல்ல செஞ்சீக, அது யாருக்கும் வரும். பஸ்ல உங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேட்டேன்ல? நான் கூறுகெட்டவள்னு நெனச்சுத்தான அப்பிடிச் சொன்னீக?"

"இல்லக்கா…"

"பெறகு?"

டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். ஏகப்பன் திரும்பி, "ஒச்சம்மா, வா, வீட்ல காப்பி போட்டிருக்கு" என்றார். மழைக்குப் பிறகு அவர் ஒச்சம்மாளிடம் பேசிய முதல் பேச்சு. ஒச்சம்மாள் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். டீச்சரை யாரும் கூப்பிடவில்லை. அதில் தனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்றும், அந்த நிம்மதிக்கும் வெட்கப்பட்டதாகவும் பிறகு என்னிடம் சொன்னார்.

9

முடிவுகள்.

முதல் முடிவு: ஆவணியில் விதைப்புக்கு முன் ஒச்சம்மாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மழை எப்ப டீச்சர்?" என்று கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

இரண்டாவது முடிவு: டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். போகவில்லை. இன்றைக்கும் அதே பஸ், அதே பள்ளிக்கூடம். ஒச்சம்மாள் டிரைவருக்குப் பின்னால் உட்காருகிறார். டீச்சர் கடைசி வரிசைக்கு முன்னால். இருவரும் பேசுவதில்லை. 'இந்த வார வானம்' நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் ராசிபலன் போடுகிறோம். இதுவரை யாரும் போன் போட்டுக் குறை சொல்லவில்லை.

மூன்றாவது முடிவு என்னுடையது. அது நடக்கவில்லை. நடந்தால் இப்படி இருக்கும்: நான் அந்தக் களத்துக்குப் போய், அன்று அதைப் பார்த்த ஆள் இன்னொருவனும் உண்டு, அவன் ஒரு போன் போட்டிருந்தால் பத்தி மாறியிருக்கும், ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போனான் என்று சொல்கிறேன். திரும்பி வந்து டீச்சரிடமும் சொல்கிறேன். அவர் தனியாகச் சுமப்பதில் ஒரு பங்கு குறையும். ஒச்சம்மாள் என்னிடம் என்ன கேட்பார் என்று தெரியாது. அவர் கேட்கிற கேள்விகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் பயப்படுகிறேன்.

அந்த ஊருக்குக் காரைக்குடியிலிருந்து காலை பத்து இருபதுக்கு ஒரு பஸ் இருக்கிறது. மழை விட்டு ஏழு மாதம் ஆகிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேலை கிடையாது. போகாமல், அந்த ஏழு மாதமும் இதை எழுதிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தை மாற்றினேன், உவமையை எடுத்தேன், ஆஸ்பத்திரியைக் கிழித்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு நல்ல காரியம் செய்தது போல நிம்மதியாகத் தூங்கினேன். கதையை நன்றாக முடித்துவிட்டால் அந்த நிம்மதி எனக்கு நிரந்தரமாகிவிடும். அதனால் முடிக்கப் போவதில்லை.

மீதியை உங்களிடம் விடுகிறேன். காரைக்குடியில் என்னைப் பார்த்தால் கதை நன்றாக இருந்தது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்.

"போனீகளா?"